கயிறும் காகிதமும்

பனை ஏறுவதற்கும் பத்திரம் எழுதுவதற்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் வினவினால் நம்மவர் நகைப்பர். தளைநாரைக் காலிலே பூட்டி, கத்தியை இடுப்பிலே செருகிக்கொண்டு, மளமளவென்று ஏறி இறங்கும் சீவற்றொழிலாளியை யாழ்ப்பாணத்தில் அறியாதார் யார்? அவர் கையில் ஏடுமில்லை, எழுத்தாணியுமில்லை. தந்தை சொல்லக் கேட்டதும் தம் கால் பழகியதுமே அவருக்குச் சாத்திரம். ஆனால், பிரித்தானியாவிலே மரம் ஏறிப் பிழைக்கும் ஒருவர் ஒரு கிளையைத் தறிப்பதற்கு முன்னர் நாலைந்து பத்திரங்களைப் பார்த்தும் எழுதியும் ஆகவேண்டியிருக்கிறது. அந்நாட்டிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்று மீண்டோர், "ஒரு மரத்தைத் தறிக்க இத்தனை கடுதாசியா!" என்று வியந்து கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

இவ்வாரம் அந்தக் கடுதாசியைப் பற்றியே சிறிது சிந்திப்போம். அது தொழிலாளியின் உயிரைக் காக்கிறதா? அல்லது, நாளை ஒரு வழக்கு வந்தால் முதலாளியின் பணப்பையை மட்டும் காக்கிறதா? இக்கேள்வி மரந்தறிப்போர்க்கு மாத்திரம் உரியதன்று. வைத்தியசாலையிலும், பாடசாலைப் பரிசோதனைக் கூடத்திலும், கட்டிடம் எழுப்பும் இடத்திலும் நாளும் எழுகின்ற கேள்வி இது. எனினும், எண்பதடி உயரத்திலே ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு வாள் பிடிப்பவரிடத்தில் இதற்கு விடை தேடுவது எளிது. ஏனெனில், அங்கே தவறு நேர்ந்தால் அதன் பயன் அக்கணமே தெரிந்துவிடுகிறது.

மரத்துக்கு வைத்தியம்

பிரித்தானியாவின் நகரங்களிலும் கிராமங்களிலும் வீதியோரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் பெருமரங்கள் நிற்கின்றன. ஓக், பீச், ஆஷ், பிளேன் என்னும் இவற்றுட் பல நூறாண்டு கடந்தவை. இவற்றைப் பேணுவதற்கெனத் தனித் தொழிலொன்று அங்கே வளர்ந்திருக்கிறது. பட்ட கிளையை அகற்றுதல், கூரையில் உராயும் கொம்பைக் குறைத்தல், நோயுற்ற மரத்தைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குதல், புயலில் வீழ்ந்ததை அப்புறப்படுத்துதல் ஆகியவை அவர்களுடைய அன்றாட வேலைகள். மரத்தை எவ்வாறு வெட்டினால் அதன் காயம் ஆறும், எவ்வாறு வெட்டினால் உளுத்துப்போகும் என்பதற்கும் அங்கே நியமம் உண்டு. பிரித்தானிய நியமம் 3998 என்னும் நூல் 2010 ஆம் ஆண்டிலே புதுக்கி வெளியிடப்பட்டது. ஆகவே, இத்தொழிலாளரை மரந்தறிப்போர் என்பதிலும் மரவைத்தியர் என்பதே பொருத்தமாகும்.

இத்தொழிலுக்கு அங்கே வேலை குறைவதில்லை. 1960 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஒருவகைப் பூஞ்சண நோய் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. 1987 ஒக்டோபர் 15, 16 ஆந் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில் வீசிய பெரும்புயல் ஏறக்குறைய 1.5 கோடி மரங்களைச் சாய்த்தது. அப்புயலால் பிரித்தானியாவில் 18 பேர் மாண்டனர். 2012 ஆம் ஆண்டிலே ஆஷ் மரத்தைத் தாக்கும் மற்றொரு பூஞ்சண நோய் அந்நாட்டில் இருப்பதாக உறுதிசெய்யப்பட்டது. இன்றும் வீதியோரத்திலே பட்டுப்போன ஆஷ் மரங்களை அகற்றும் வேலை முடிந்தபாடில்லை.

இத்தொழிலைச் செய்யும் தாபனங்களுட் பல மிகச் சிறியவை. முதலாளியே முதல்வராக மரத்தில் ஏறுவார். அவருடன் மூவர் நால்வர் இருப்பர். ஒரு லொறியும், கிளைகளை நொறுக்கும் இயந்திரமொன்றும், சில சங்கிலிவாள்களும் இருக்கும். பகலெல்லாம் மரத்தூள் படிந்த அதே கைதான் இரவில் விளக்கடியில் இருந்து பத்திரம் எழுதவேண்டும். கந்தோரும் எழுதுவினைஞரும் உள்ள பெரிய கம்பனிக்கு எளிதாக இருப்பது, இச்சிறியோர்க்குப் பெருஞ்சுமையாகிறது. நம் கதை இவர்களைப் பற்றியதே.

ஆபத்தின் உருவம்

முதலில் ஆபத்து எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். சங்கிலிவாளின் பல்லானது ஒரு செக்கனுக்கு 20 மீற்றர் அளவில் ஓடவல்லது. தரையில் வேலைசெய்வோர் அணியும் காற்சட்டையின் உள்ளே நீண்ட நார்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வாள் தவறிக் காலில் பட்டால் அந்நார்கள் இழுபட்டுப் பற்சக்கரத்திலே சிக்கி வாளை நிறுத்திவிடும். ஆனால், மரத்தில் ஏறுபவரைத் தாங்கும் கயிற்றுக்கு அத்தகைய கவசம் இல்லை. பதினொன்று முதல் பதின்மூன்று மில்லிமீற்றர் வரை பருமனுள்ள அக்கயிறு, பாரத்தால் இறுகி நிற்கும்போது வாளின் பல் பட்டால் ஒரு நொடியில் அறுந்துபோம். தன்னைத் தாங்கும் கயிற்றின் அருகிலேயே தன்னைக் கொல்லவல்ல கருவியை இயக்குவதுதான் இத்தொழில். ஆகையாலேயே, மரத்தின்மேல் வாளை இயக்குமுன் இரண்டாவது பிணைப்பொன்றும் பூட்டப்படவேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி.

இதற்கு மேலும் உண்டு. வீழும் கொம்பு கீழே நிற்பவர்மேல் விழலாம். கிளை நொறுக்கும் இயந்திரம் கையுறையின் நுனியைப் பற்றினால் ஆளையே இழுக்கும். இலைகளுக்குள்ளே மின்சாரக் கம்பி மறைந்திருக்கலாம். ஆண்டுக்கணக்காக வாளின் அதிர்வை ஏற்ற விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயும் உண்டு. இவ்வளவையும் ஒருவர் எப்பொழுதும் நினைவில் வைத்திருத்தல் இயலுமா? ஆனைக்கும் அடி சறுக்கும். நினைவு சறுக்கும் இடத்திலே கைகொடுப்பதற்காகவே எழுத்துத் தோன்றிற்று.

சட்டம் வந்த வரலாறு

பிரித்தானியரும் தொடக்கத்தில் சட்டத்தைச் சட்டத்தின்மேல் அடுக்கிக்கொண்டே போயினர். ஆலைக்கு ஒரு சட்டம், சுரங்கத்துக்கு ஒரு சட்டம், கடைக்கு ஒரு சட்டம் என்று அவை பெருகின. ஆயினும் மாண்டோர் தொகை போதிய அளவு குறையவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆந் திகதி வேல்ஸ் நாட்டிலே அபர்வன் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு சரிந்து ஒரு பாடசாலையை மூடிற்று. 116 குழந்தைகளும் 28 பெரியோரும் மாண்டனர். மேடு சரியக்கூடும் என்று முன்னரே அஞ்சியோர் இருந்தனர். அச்சத்தைத் தெரிவிக்கும் கடிதங்கள்கூட எழுதப்பட்டிருந்தன. அக்கடிதங்களுக்கு ஏற்ற செயல் நிகழவில்லை.

அக்காலத்தில் தேசிய நிலக்கரிச் சபையின் தலைவராயிருந்த ரொபன்ஸ் பிரபுவே, தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும்படி 1970 இல் அமைக்கப்பட்ட குழுவுக்கும் தலைவராக நியமிக்கப்பட்டார் என்பது வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று. 1972 இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை ஒரு புதிய கொள்கையைக் கூறிற்று: ஆபத்தை உண்டாக்குபவர் எவரோ, அவ்வாபத்துடன் நாள்தோறும் வாழ்பவர் எவரோ, அவர்களே அதனை அடக்கும் வழியையும் வகுத்தல் வேண்டும், தூரத்தில் இருந்து விதிகளை மட்டும் எழுதி அனுப்புதல் போதாது. இக்கொள்கையின்மேல் எழுந்ததே 1974 ஆம் ஆண்டின் தொழிற் சுகாதார பாதுகாப்புச் சட்டம்.

அவ்வாண்டில் வேலையிடத்து விபத்துக்களால் மாண்ட ஊழியர் 651 பேர். 2023 ஏப்ரில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டிலே வேலையில் மாண்டோர் 138 பேர். இதற்குச் சட்டமொன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சுரங்கங்களும் பேராலைகளும் மூடப்பட்டதற்கும் இதில் பங்குண்டு. எனினும், ஆபத்தை முன்னதாக எண்ணிப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் வீண்போகவில்லை என்பதற்கு இவ்வெண்கள் சான்று பகரும்.

நான்கு கட்டுக் காகிதம்

மரவைத்தியத் தாபனம் ஒன்றின் காகிதங்களை நான்கு கட்டுக்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆளைப் பற்றியது. சங்கிலிவாளை இயக்கவும், கயிற்றில் ஏறவும், மரத்தின்மேல் வாள் பிடிக்கவும், மேலே அகப்பட்டவரை மீட்டு இறக்கவும் தனித்தனியே பயிற்சியும் பரீட்சையும் உண்டு. எவர் எதனைக் கற்றுத் தேறினார் என்பதை இக்கட்டுக் காட்டும். ஊழியருக்குத் தீங்கு நேர்ந்தால் ஈடுகொடுப்பதற்கான காப்புறுதிப் பத்திரமும் இதனுடன் சேரும். 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியரை வைத்திருக்கும் தாபனத்துக்கு அது கட்டாயம்.

இரண்டாவது, கருவியைப் பற்றியது. மனிதரைத் தாங்கும் கயிறு, கச்சை, கொக்கி வளையம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டிருக்கும். 1998 ஆம் ஆண்டின் பாரந்தூக்கும் கருவிகள் பற்றிய விதிகளின்படி, தகுதிவாய்ந்த ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும், அல்லது அதற்கென அவர் வகுத்த பரிசோதனைத் திட்டத்தின்படி, அவற்றை முற்றாகப் பரிசோதித்து அறிக்கை எழுதவேண்டும். புதிதாய்ப் பளபளக்கும் கயிறாயினும், அதன் இலக்கமும் அறிக்கையும் இல்லையானால் நல்ல தாபனத்தில் அது மரத்துக்குப் போகாது.

மூன்றாவது, வேலையைப் பற்றியது. இதுவே ஆபத்து மதிப்பீடு. இவ்விடத்தில் எதனால் தீங்கு வரலாம், யாருக்கு வரலாம், அதைத் தடுக்க என்ன செய்வோம் என்னும் மூன்று கேள்விக்கு விடை இதில் இருக்கும். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள தாபனம் இதன் முக்கிய முடிவுகளை எழுத்தில் வைத்தல் சட்டப்படி கட்டாயம். ஐவருக்குக் குறைந்த தாபனத்துக்கு எழுத்து விலக்கப்பட்டிருக்கிறது, சிந்தனை விலக்கப்படவில்லை. உயரத்தில் வேலைசெய்தல் பற்றிய 2005 ஆம் ஆண்டு விதிகள் இன்னுமொரு கேள்வியைக் கேட்கின்றன: ஏறாமலே இவ்வேலையை முடிக்கலாமா? நீண்ட கோல்வாளால் தரையில் நின்று அறுக்க இயலுமா? உயர்த்தும் கூடை வண்டி அவ்விடத்துக்கு வருமா? இவற்றை எண்ணிப் பார்த்து, வேறு வழி தகாதெனத் தெளிந்த பின்னரே கயிற்றில் ஏறுதல் முறை.

நான்காவது, மரத்தைப் பற்றியது. உள்ளூராட்சிச் சபை ஒரு மரத்தைப் பாதுகாக்கப்பட்ட மரமெனக் கட்டளையிட்டிருந்தால், அதன் சொந்தக்காரரும் அனுமதியின்றி அதனைத் தொடலாகாது. பேணற்பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்திலே, தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விட்டமுள்ள மரமாயின், ஆறு வாரங்களுக்கு முன்னர் சபைக்கு அறிவித்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டுச் சட்டம் பறவை வாழும் கூட்டைக் காக்கிறது. வௌவால் தங்கும் பொந்தோ, அது அங்கில்லாத வேளையிலும் காக்கப்படுகிறது. ஆகவே ஏறுபவர் கொம்பை மட்டும் பார்த்தல் போதாது. கூட்டையும் பொந்தையும் பார்த்தாகவேண்டும்.

ஒரு நாட்பொழுது

இக்கட்டுக்கள் மேசையிலே உறங்கினால் பயன் என்ன? நன்றாக நடக்கும் ஒரு தாபனத்தில் அவை எவ்வாறு வேலையோடு ஒட்டிச் செல்கின்றன என்பதைக் காண்போம்.

காலையில் லொறி புறப்படுமுன் ஒவ்வொரு வாளும் பார்க்கப்படும். சங்கிலித் தடுப்புப் பிடிக்கிறதா, விசைப்பூட்டு இயங்குகிறதா, அதிர்வு தாங்கும் பகுதி உடையாதிருக்கிறதா என்று சோதிப்பர். ஏறுகயிற்றை ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை விரல்களுக்கிடையே ஓடவிடுவர். கண்ணுக்குத் தோன்றாத தளர்வும் முடிச்சும் விரலுக்குத் தோன்றும். ஆறுமாதப் பரிசோதனை அறிக்கை ஆறு மாதத்துக்கு முந்திய நிலையைச் சொல்லும். நேற்றுப் பட்ட வெட்டை அது எப்படிச் சொல்லும்? ஆகையால் அறிக்கை ஒருபுறம், அன்றாடப் பார்வை ஒருபுறம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

வேலையிடத்தை அடைந்ததும் வாளை எடுக்கமாட்டார்கள். முதலில் அனைவரும் மரத்தைச் சுற்றி வருவர். அடியிலே காளான் முளைத்திருக்கிறதா, தண்டில் வெடிப்புண்டா, மேலே முறிந்து தொங்கும் கொம்புண்டா, கம்பி எங்கே போகிறது என்று பார்ப்பர். மரக்கம்பங்களிற் செல்லும் மின்கம்பியாயின் 9 மீற்றருக்குள்ளும், இரும்புக் கோபுரங்களிற் செல்வதாயின் 15 மீற்றருக்குள்ளும் வேலை வருமானால், மின்விநியோகத்தாரைக் கலந்துகொள்ளல் வேண்டும் என்பது அந்நாட்டு அறிவுரை. பின்னர், எழுதிவந்த மதிப்பீட்டை ஒருவர் உரக்க வாசிப்பார். கண்டதற்கும் எழுதியதற்கும் வேறுபாடு இருந்தால் அவ்விடத்திலேயே திருத்துவர்.

அப்பத்திரத்தில் ஒரு வரி உண்டு. அதனை நாம் மிக உயர்ந்த வரியாகக் கருதுகிறோம். "மேலே இருப்பவர் மயங்கினால் இன்று அவரை இறக்குபவர் யார்?" என்பதே அது. மரத்திலே ஏறி வேலைசெய்யும் இடத்தில் குறைந்தது இருவர் இருத்தல் வேண்டும். தரையில் நிற்போருள் ஒருவர் ஏறி மீட்கும் பயிற்சி உள்ளவராய், அதற்குரிய கயிறும் கச்சையும் தயாராய் வைத்திருத்தல் வேண்டும். கச்சையிலே உணர்வற்றுத் தொங்கும் ஒருவருக்கு நேரம் மிகக் குறைவு. தீயணைப்புப் படை வரட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. இவ்வரியில் ஒரு பெயர் எழுதப்படும்போது, அப்பெயருக்குரியவரின் நெஞ்சிலே ஒரு பொறுப்பு வந்து அமர்கிறது. மேலே ஏறுபவரோ, தம்மை இறக்குபவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டே ஏறுகிறார். ஏறவிட்டு ஏணியை வாங்கும் உலகத்திலே இது சிறிய காரியமா?

அதே பத்திரத்தில் அவ்விடத்தின் சரியான விலாசமும், அவசர சிகிச்சைப் பிரிவுள்ள அண்மை வைத்தியசாலையின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பதற்றத்தில் நாக்குக் குழறும்போது வாசித்துச் சொல்லுவதற்காகவே அவை எழுதப்படுகின்றன.

மாலையில் கருவிகளைத் துடைத்து அடுக்கும்போது இன்னொரு சிறு குறிப்பும் எழுதப்படும். இன்று எவருக்கும் காயமில்லை. ஆயினும் ஒரு கொம்பு எண்ணிய இடத்தில் விழாமல் வேலிக்கு அப்பால் விழுந்தது. அல்லது, ஒரு வழிப்போக்கர் எச்சரிக்கைப் பலகையைக் கடந்து உள்ளே வந்துவிட்டார். இவ்வாறு மயிரிழையில் தப்பியவற்றைக் குறித்துவைத்தல் சிறந்த வழக்கம். தப்பியது அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்து மறப்பவர் அடுத்தமுறையும் அதிர்ஷ்டத்தையே நம்பவேண்டியவராகிறார்.

பார்த்தெழுதும் நோய்

இதுவரை நல்ல பக்கத்தைச் சொன்னோம். இனி மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லுதல் கடமை.

மாணவர்களுள் சிலர் அயலிலிருப்பவரின் கொப்பியைப் பார்த்து எழுதுவதுண்டு. அந்நோய் தொழிலகங்களிலும் உண்டு. சென்ற வாரம் ஓர் ஓக் மரத்துக்கு எழுதிய ஆபத்து மதிப்பீட்டையே எடுத்து, விலாசத்தை மட்டும் மாற்றி, இந்த வாரத்து ஆஷ் மரத்துக்கு வைத்துவிடுதல் எளிது. இன்றைய கணனி அதனை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. ஆனால் அந்த ஆஷ் மரம் நோயுற்றது. அந்நோய் கண்ட மரத்தின் கொம்பு, பச்சை மரம்போல் வளைந்து எச்சரிக்காமல், சடக்கென முறியும். அதன் வேரடியை வேறு பூஞ்சணங்களும் தின்றிருக்கலாம். ஓக் மரத்துக்கு எழுதிய பத்திரம், "மரம் உறுதியானது, ஏறலாம்" என்கிறது. ஆஷ் மரமோ ஏறத்தகாதது. கூடை வண்டியோ வேறு இயந்திரமோ கொண்டு அகற்றவேண்டியது. பத்திரத்தில் நான்கு கையொப்பம் இருக்கிறது. அதனை நம்பி ஏறுகின்ற இளைஞனுக்கு இருபது வயது.

இங்கே காகிதம் காக்கவில்லை என்பது மாத்திரமா? அது கொல்லவும் துணைசெய்கிறது. காகிதமே இல்லாதிருந்தால் அவன் அண்ணாந்து பார்த்துச் சற்று ஐயுற்றிருப்பான். காகிதம் இருந்தமையால் ஐயம் நீங்கிற்று. பொய்யான பத்திரம் பத்திரமின்மையிலும் தீயது என்று நாம் சொல்லுவது இதனாலேயே.

ஆகவே, "எல்லாம் வீண் கடுதாசி" என்று சலிக்கும் பழந்தொழிலாளியின் சொல்லிலும் உண்மையுண்டு. "எழுதாதது நடவாதது" என்று வாதிக்கும் உத்தியோகத்தரின் சொல்லிலும் உண்மையுண்டு. இருவரையும் ஒருங்கே திருப்திசெய்யும் உரைகல் ஒன்றை நாம் கூறலாம். பத்திரத்தை எழுதியவர் அந்த மரத்தைக் கண்டவரா? அது மரத்தடியில் வாசிக்கப்பட்டதா? கண்டது மாறினால் பத்திரமும் மாறுமா? கூட்டத்தில் மிக இளையவர், "ஐயா, இது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னால் வேலை நிற்குமா? இந்நான்கு கேள்விக்கும் ஆம் என்று விடை வருமாயின், அந்தக் காகிதம் உயிருள்ளது. ஒன்றுக்கேனும் இல்லை என்று வருமாயின், எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது வெறுந்தாளே.

சுமையைக் குறைக்கும் வழி

அப்படியானால் பகல் முழுவதும் மரத்தில் உழைக்கும் சிறு முதலாளி இதற்கெல்லாம் நேரத்தை எங்கே தேடுவார்? அனுபவமிக்கோர் கையாளும் வழிகள் சில உள. அவை நமது வீட்டுக் கணக்குக்கும் பொருந்துமாதலால் இங்கே கூறுகிறோம்.

வேலையை விலைபேசுவதற்காக மரத்தைப் பார்க்கப் போகும் நாளிலேயே மதிப்பீட்டையும் எழுதத் தொடங்கிவிடுவர். எப்படியும் மரத்தைச் சுற்றி வருகிறார். கண்டதைக் கண்டவுடன் குறித்தால் இரவில் நினைவைத் துழாவவேண்டியதில்லை. எல்லா மரத்துக்கும் பொதுவான விதிகளை ஒருமுறை திருத்தமாக எழுதித் தனியே வைத்துக்கொள்வர். அந்தந்த இடத்துக்கு மட்டும் உரியதை ஒரு பக்கத்துள் அடக்குவர். இருபது பக்கத்தை ஒருவரும் வாசியார். ஒரு பக்கத்தை யாவரும் வாசிப்பர். ஆறுமாதப் பரிசோதனைகளையும் காப்புறுதி முடியும் நாளையும் சுவரிலுள்ள நாட்காட்டியில் ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்துவிடுவர். வாரத்தில் ஒரு பொழுதை, மழையோ வெயிலோ, காகிதத்துக்கென ஒதுக்கி வைப்பர். எழுதும் வேலையைக் கற்றுக்குட்டிக்கும் பகிர்ந்து கொடுப்பர். கயிற்றைச் சோதித்து எழுதப் பழகியவன் கயிற்றை மதிக்கவும் பழகுகிறான்.

இன்னுமொன்று: இந்த நேரமெல்லாம் விலையிலே சேரும். ஒரே மரத்துக்கு மூவர் விலை கூறும்போது, ஒருவர் கூறும் விலை மிகக் குறைவாயிருந்தால், எதனை விட்டுவிட்டு அந்த விலைக்கு வந்தார் என்று வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தல் வேண்டும். காப்புறுதியை விட்டாரா? மீட்க நிற்கும் ஆளை விட்டாரா? மலிவாய்க் கிடைத்த அந்த விலையின் மிச்சத்தை வேறொருவர் தம் உடலாற் செலுத்தவேண்டி வரலாம்.

நமக்குரியது

இவையெல்லாம் குளிர்நாட்டுக் கதை என்று நம் வாசகர் ஒதுக்கலாகாது. 2023 ஒக்டோபர் 6 ஆந் திகதி, கொழும்பு கொள்ளுப்பிட்டியிலே, மழைக்காலை வேளையில், சென்றுகொண்டிருந்த பஸ் வண்டியின்மேல் பெருமரமொன்று சாய்ந்து ஐவர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். வீதியோரத்து மரம் ஒவ்வொன்றையும் யார் எப்பொழுது பார்த்தார், என்ன கண்டார், என்ன செய்தார் என்னும் குறிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்தக் காலைப்பொழுது நமக்குக் கற்பித்தது. மரத்தை அஞ்சி எல்லாவற்றையும் வெட்டிவிடுதல் பேதைமை. நிழலும் வேண்டும், உயிரும் வேண்டும் என்றால், பார்ப்பவர் வேண்டும். பார்த்ததை எழுதுபவர் வேண்டும். எழுதியதை வாசித்துச் செயலாற்றுபவர் வேண்டும். அபர்வனிலே எழுதியவர் இருந்தனர். செயலாற்றியவரே இல்லாமற் போயினர் என்பதையும் மறத்தலாகாது.

நமது வளவிலும் தென்னையும் மாவும் வேம்பும் நிற்கின்றன. கூரையின்மேல் சாய்ந்த கொம்பை வெட்ட ஒருவரை அழைக்கிறோம். கூலியைப் பேசுகிறோம், நேரத்தைப் பேசுகிறோம். அவர் ஏறும் கயிறு எத்தனை ஆண்டுப் பழையது, கீழே நிற்பவர் யார், மின்சாரக் கம்பியைப் பற்றி மின்சார சபைக்கு அறிவித்தாயிற்றா, பிள்ளைகள் முற்றத்தில் விளையாடாதிருக்கப் பார்ப்பவர் யார் என்று எத்தனை வீட்டில் பேசப்படுகிறது? இதற்குப் பெரிய பத்திரம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் கொப்பித்தாளில் நான்கு கேள்வியை எழுதி, அம்மாவும் அப்பாவும் ஏறவந்தவரும் இருக்கும்போது வாசித்தாலே போதும். வாசிப்பதற்கு ஐந்து நிமிஷம் செல்லும். ஏறவந்தவருக்கும் ஒரு வீடு உண்டு. அங்கே அவரை எதிர்பார்க்கும் பிள்ளைகள் உண்டு.

பனையேறும் தொழிலாளிக்கு ஏடில்லை என்று தொடக்கத்தில் சொன்னோம். ஆனால் அவருக்கு விதி இல்லாமலில்லை. மழை நனைத்த பனையில் எப்படிக் கால்வைப்பது, தளைநாரை எப்போது கழித்துவிடுவது, எந்த மரத்தை ஏறாது விடுவது என்பதெல்லாம் தந்தை மகனுக்கு மரத்தடியில் நின்று சொல்லிய பாடங்கள். தந்தையின் கண் முன்னே மகன் ஏறியகாலத்தில் அந்தச் சொல் போதுமாயிருந்தது. இன்று முன்பின் அறியாதவர் சேர்ந்து கூலிக்கு வேலைசெய்யும் காலம். ஒருவருக்கொருவர் தந்தையுமல்லர், மகனுமல்லர். அந்தத் தந்தையின் கவலையை அறியாத ஒருவருக்கும் எட்டச்செய்வதற்கு மனிதன் கண்ட உபாயமே எழுத்து. அக்கவலை உள்ளே இருக்குமட்டும் காகிதம் கயிற்றைப்போல் தாங்கும். எழுதுகின்ற கை அதனை நினைந்து எழுதுமாக.